ஒளித்து வைத்த கோதுமை

கார்மேகத்துக்கு ஒரு மந்திரியைத் தெரியும் என்று சொன்னால் அவர் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம் பக்கத்தில் மந்திரி என்றால் முன்னால் நாலு கார், பின்னால் நாலு கார், நடுவில் ஒரு கும்பிட்ட கை. கார்மேகத்தின் மந்திரிக்கோ எண்பத்தேழு வயது. ஷார்ஜாவில் சுவர்ப்பூச்சு உதிர்ந்த பழைய வில்லா ஒன்றில் இருக்கிறார். காலையில் காலுறை மாட்டிவிட ஆள் வேண்டும், மாலையில் கழற்றிவிட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கார்மேகம்.

பெரியவரின் பெயர் டாக்டர் ஹூஷங். இரானில் ஒரு காலத்தில் பதினான்கு மாதம் விவசாய மந்திரியாக இருந்தார். அதற்கு முன்னும் பின்னும் விவசாயக் கல்லூரியில் வாத்தியார். யார் கேட்டாலும் வாத்தியார் என்றுதான் சொல்லிக்கொள்வார். மந்திரிப் பதவியை யாராவது கிளறினால் மட்டும், வாலிபத்தில் செய்த தப்பைப் போல ஒப்புக்கொள்வார். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ போன் செய்கிறார்கள். அவர்களுக்கே பேரன் பேத்தி எடுத்தாயிற்று. டாக்டர் அவர்களை இன்னமும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை அதட்டுவது போல அதட்டுவார்.

கார்மேகம் முதுகுளத்தூருக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமிக்காரர். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கருவேலங்கரி மூட்டம் என்று வாழ்ந்த குடும்பம். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அஜ்மானில் கட்டட வேலைக்கு வந்தார். கம்பி கட்டினார், பலகை அடித்தார், கேம்ப்பில் பன்னிரண்டு பேரோடு ஒரே ரூமில் படுத்தார். பிறகு செடி வளர்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு ஜூலை மாதம், உச்சி வெயிலில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கைத்தடி அவர் தோளைத் தட்டியது.

"வேரை வேக வைக்கிறாய். இந்த நேரத்தில் தண்ணீர் விடச் சொல்லி உனக்கு யார் சொன்னது?"

"சூப்பர்வைசர், சாப்."

"நீ விவசாயி வீட்டுப் பிள்ளையா, சூப்பர்வைசர் வீட்டுப் பிள்ளையா?"

கார்மேகம் குழாயை மூடினார். அதற்காக அன்று ஏச்சு வாங்கினார். ஆனால் பதினைந்து வருஷத்தில் அவரை விவசாயி என்று கூப்பிட்ட முதல் ஆள் அந்தக் கைத்தடிக்காரர்தான் என்று நாகஜோதியிடம் போனில் சொன்னார். நாகஜோதி அவர் மனைவி. அடுத்த குளிர்காலத்தில் டாக்டரே வந்து விசாவை மாற்றித் தன் வீட்டுத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தோட்டக்காரராகப் போனவர், டாக்டரின் மனைவி இறந்த பிறகு சமையல்காரரானார், பிறகு டிரைவர், பிறகு நர்ஸ். எட்டு வருஷத்தில் எந்த வேலையும் கையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது.

இருவரும் பேசிக்கொள்ளும் மொழி எந்த நாட்டிலும் கிடையாது. ஹிந்தி கொஞ்சம், அரபி கொஞ்சம், டூட்டி, லீவு என்று இங்கிலீஷ் கொஞ்சம், மிச்சத்துக்குக் கை. நான் அதை முழுத் தமிழாக்கித்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அது அவர்களுக்குள் எப்போதும் முழுதாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் பிப்ரவரியில், கனடாவில் இருக்கும் டாக்டரின் மகள் ஷிரின் கார்மேகத்துக்கு போன் செய்தாள். மார்ச்சில் அவர்களுடைய புத்தாண்டு, நவ்ரூஸ். அம்மா போனதிலிருந்து அப்பா அதைக் கொண்டாடுவதில்லை. இந்த வருஷமாவது மேஜையில் எல்லாம் வைக்க வேண்டும். ஆப்பிள், பூண்டு, வினிகர், கண்ணாடி. அப்புறம் ஒரு தட்டில் கோதுமையை முளைக்கவிட்டு, பயிராக வைக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், அன்றைக்குப் பார்த்து சந்தோஷப்படட்டும் என்றாள்.

கார்மேகத்துக்குச் சிரிப்பு வந்தது. அட, இது நம்ம முளைப்பாரி அல்லவா. ஆனால் ஒரு சிக்கல். முளைப்பாரி போடும் வீட்டுக்குள் ஆண்கள் போக முடியாது. பெண்கள் விதை தூவி, இருட்டில் வளர்த்து, பொழுதடையக் கும்மியடித்து, கடைசி நாளில் தலையில் சுமந்து வரும்போதுதான் ஆண்கள் கண்ணில் படும். ஐம்பத்திரண்டு வயதில் கார்மேகத்துக்கு அதைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். நாகஜோதியைக் கூப்பிட்டார்.

"இருட்டுல வைக்கணும்," என்றாள். "வெயிலு படக் கூடாது. ஆம்பளை கண்ணும் படக் கூடாது."

"நானே ஆம்பளதான புள்ள."

"அப்ப கண்ண மூடிக்கிட்டுத் தண்ணி தெளிங்க."

சொன்னபடியே செய்தார். கடையில் கோதுமை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணும் சாணி எருவும் போட்டு விதைத்து, ஸ்டோர் ரூமில் கூடையால் மூடினார். ஐந்து நாள் கழித்துத் திறந்தால் புளித்த வாடைதான் வந்தது. ஒரு முளை இல்லை.

நாகஜோதியிடம் சொன்னார். முளைப்பாரி முளைக்கவில்லை என்றால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கார்மேகம் படுக்கையில் இருக்கும் டாக்டரை நினைத்தார். அந்த வீட்டில் ஆகாமல் போக இருந்தது ஒரே ஒரு உயிர்.

"கடை விதையெல்லாம் ஆகாதுங்க. வீட்டுல நல்ல விதை எதுவும் கெடக்கா, பாருங்க," என்றாள்.

கிடந்தது. ஃபிரிட்ஜில், மாதுளைச் சாறு பாட்டிலுக்குப் பின்னால், ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையக் கோதுமை. பல வருஷமாகப் பார்க்கிறார், துடைத்து வைக்கிறார், என்ன என்று கேட்டதில்லை. பண்டிகைக்கு வைத்ததாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. முளைப்பாரி அடர்த்தியாக இருக்க வேண்டும், விதை தூவுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஆகவே பாட்டில் முழுவதையும் கொட்டினார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நாம் பிறருக்குத்தான் சொல்கிறோம்.

இந்த முறை முளைத்தது. ஒன்பது நாளில் சாண் உயரம், இளமஞ்சளாக, கோழிக்குஞ்சு நிறத்தில். நவ்ரூஸ் அன்று காலை கார்மேகம் அதற்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். டாக்டருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. மேஜையில் ஒவ்வொன்றாகத் தடவினார். ஆப்பிளைத் தொட்டார், பூண்டைத் தொட்டார். முளையைத் தொட்டதும் முகத்தை அருகே கொண்டுபோனார். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கார்மேகம் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"மஞ்சளா? இருட்டில் வளர்த்தாயா?"

"எங்க ஊர்ல அப்படித்தான், சாப்."

"இருட்டில் முளைத்த பயிர் கையிருப்பையெல்லாம் செலவழித்து மேலே மேலே ஓடும். எங்காவது வெளிச்சம் இருக்காதா என்று." வாத்தியார் குரல் வந்துவிட்டது. "நல்ல விதை. ஒன்றுகூடப் பழுதில்லை. எந்தக் கடை?"

"கடை இல்லை, சாப். ஃபிரிட்ஜில் பாட்டிலில் இருந்தது."

டாக்டரின் கை முளைகளின் மேல் அப்படியே நின்றது. பாட்டிலைக் கொண்டு வா என்றார். கார்மேகம் கொண்டு வந்தார். டாக்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு, அடியைச் சுற்றிச் சுற்றித் துழாவினார். ஒரு மணிகூட இல்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கார்மேகத்துக்கு நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். மாலையில் அவராகவே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, சொன்னார்.

மந்திரியாக இருந்தபோது புது ரகக் கோதுமை கொண்டுவந்தார். குட்டைப் பயிர், இரட்டை மகசூல். பழைய விதையைக் கொடுத்துவிட்டுப் புது விதையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தன் சொந்த மாவட்டத்திலேயே முதல் உத்தரவு போட்டார். அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். அவருடைய அம்மாவின் வீட்டுக்கும் போனார்கள். அம்மா மூட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். மந்திரி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் நன்றாக விளைந்தது. பிறகு துரு நோய் வந்து மாவட்டம் முழுக்கக் கருகிப்போனது. பழைய கோதுமை நோயைத் தாங்கும், ஆனால் யாரிடமும் ஒரு பிடி இல்லை. அதற்குள் பதவியும் போய்விட்டது.

"ஒன்பது வருஷம் கழித்து அம்மா இறந்தாள். வீட்டைக் காலி செய்தபோது மாவுப் பானைக்கு அடியில், அவளுடைய தொழுகைத் துணியில் சுற்றி, பழைய கோதுமை இருந்தது. கொல்லையில் சுவருக்குப் பின்னால் நாலு வரிசை போட்டு வருஷா வருஷம் புதுப்பித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருடனிடம் ஒளிப்பது போல என்னிடம் ஒளித்திருக்கிறாள், கார்மேகம். பெற்ற மகனிடம்."

அதைக் கல்லூரி நிலத்தில் பெருக்கினார். அந்த நிலத்தில் இப்போது கட்டடம். தன்னிடம் விதை வாங்கிப் போனவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டார், ஒருவரிடமும் மிச்சமில்லை. இங்கே வந்து, கார்மேகம் வேலைக்குச் சேரும் முன்பு, தோட்டத்திலேயே சில வருஷத்துக்கு ஒருமுறை விளைவித்துப் புதுப்பித்தார், முழங்கால் விடும்வரை. கடைசியில் மிஞ்சியது அந்தப் பாட்டில்தான்.

கார்மேகம் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். தானே அப்படி ஆகிவிட்டதாக நினைத்தார். நாகஜோதிக்கு போன் போட்டு, பெரியவர் பத்திரமாக வைத்திருந்த விதை, இனி உலகத்தில் கிடையாது என்று மட்டும் சொன்னார். அம்மா விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

அவள் திட்டித் தீர்த்தாள். பிறகு கேட்டாள், "பயிரு செத்துப்போச்சா?"

"சாகல. மஞ்சளா நிக்குது."

"அப்புறம் என்னத்துக்கு அழுகுறீக? நாத்துதான அது? பறிச்சு நட வேண்டியதுதான."

கார்மேகம் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னார். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். கோதுமையை யாரும் பறித்து நடுவதில்லை. அறுபது வருஷத்தில் அவர் எந்த விவசாயிக்கும் அப்படிச் சொன்னதில்லை. அதோடு இது மார்ச் கடைசி, இங்கே வெயில் தொடங்கிவிடும். போனில் நாகஜோதி விடவில்லை.

"நெல்ல நடுறோம், கேவுரு நடுறோம், மொளகா நடுறோம். கோதும மட்டும் என்ன ராசா வீட்டுப் புள்ளையா? அவருகிட்டக் கேளுங்க, நட்டுப் பாத்துருக்காரான்னு."

கார்மேகம் கேட்டார். பதினான்கு மாதம் ஒரு நாட்டின் வயல்களுக்கெல்லாம் உத்தரவு போட்டவர், வயலில் நிற்கும் ஒரு பெண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அது அவருக்கே அப்போது உறைத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேள்," என்றார்.

அன்றிலிருந்து வாத்தியார் இரண்டு பேர். உடனே வெயிலில் வைக்காதே, திரைக்குப் பின்னால் இரண்டு நாள், பிறகு ஜன்னலில் ஒரு மணி நேரம் என்று டாக்டர் சொன்னார். மஞ்சள் மெல்லப் பச்சையானது. வேர் அறாமல் எப்படிப் பறிப்பது, விரலால் குழி போட்டு எப்படிச் செருகுவது என்று நாகஜோதி வீடியோவில் காட்டினாள். கார்மேகத்தின் தடித்த விரலைப் பார்த்து, "நடவுக்கு வந்தா ஒங்களுக்கு ஒரு நாளைக்குமேல வேல குடுக்க மாட்டாக," என்றாள். எங்கே வைப்பது என்ற கேள்விக்கு டாக்டர் தன் படுக்கையறையைக் கொடுத்தார். ஏசி நன்றாக வேலை செய்யும் அறை அது ஒன்றுதான், கிழக்கு ஜன்னலும் இருந்தது. ரோலா கடைத்தெருவுக்குப் போய் டியூப் லைட்டும் தொட்டிகளும் வாங்கி வந்து, கட்டிலைச் சுற்றி அடுக்கினார் கார்மேகம். வயலுக்கு நடுவில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவலுக்குப் படுத்தவர் மாதிரி டாக்டர் அங்கே தூங்கினார்.

அந்த நெருக்கத்தில் வேர் அறாமல் பறிக்க முடிந்தவை இருநூறுக்கு மேல், நட்டதில் எண்பத்து மூன்று பிழைத்தன. தினமும் காலையில் காலுறை மாட்டும் முன் டாக்டர் கேட்பார், எத்தனை என்று. கார்மேகம் எண்ணிச் சொல்வார். ஒன்று குறைந்தால் அன்றைக்கு டீ ஆறிப்போகும்.

மே மாதம் கார்மேகத்துக்கு லீவு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, டிக்கெட்டும் போட்டாயிற்று. அவர் அதைப் பற்றிப் பேச வாயெடுக்கும் முன் நாகஜோதியே சொன்னாள், "கதிரு வர்ற நேரத்துல போட்டுட்டு வந்தா பாவம். அறுத்துட்டு வாங்க. நான் எங்க போயிரப் போறேன்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இருபத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையை போனிலேயே நடத்திய ஆளுக்கு அந்த உறிஞ்சலின் அர்த்தம் தெரியும். டிக்கெட்டை மாற்றினார்.

அந்த மாதக் கடைசியில் ஏசி நின்றுபோனது. மத்தியானம் இரண்டு மணி, வெளியே நாற்பத்தைந்து டிகிரி. பால் பிடிக்கும் பருவம், சூடு ஏறினால் கதிர் பதராகிவிடும் என்று டாக்டர் படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் மறுநாள்தான் வருவேன் என்றான். கார்மேகம் தெருக்கோடி பகாலா மளிகைக் கடையிலிருந்து ஐஸ் மூட்டை தூக்கிவந்து, தட்டுகளில் கொட்டி, ஃபேனுக்கு முன்னால் வைத்தார். உருக உருக மாற்றினார். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தபடி ஈரத் துண்டால் தொட்டிகளுக்கு விசிறினார். போய்ப் பக்கத்து அறையில் படுங்கள் என்றால் கேட்கவில்லை. மறுநாள் ஏசி ஓடியபோது இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து தூங்கினார்கள்.

ஜூன் கடைசியில் பயிர் பழுத்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் வளர்ந்ததால் தண்டெல்லாம் ஒல்லி, நூல் கட்டித்தான் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் கதிர் இருந்தது. உள்ளே மணி இருக்கிறதா, பதரா என்பதுதான் கேள்வி. டாக்டருக்குப் பார்க்கக் கண் இல்லை. தடவிப் பார்த்துச் சொல்லத் தன் விரலை அவர் நம்பவில்லை.

"உன் மனைவியைக் கூப்பிடு," என்றார்.

நாகஜோதி திரையில் வந்தாள். களத்திலிருந்து வந்திருப்பாள் போல, தலைத்துண்டு அப்படியே இருந்தது. கார்மேகம் கதிரைப் போனுக்கு முன்னால் பிடித்தார்.

"நகத்தால அமுக்குங்க. பாலு வருதா?"

"வரல."

"பல்லுல வச்சுக் கடிங்க."

கார்மேகம் ஒரு மணியைக் கடித்தார். நறுக்கென்று உடைந்தது. அந்தச் சத்தம் டாக்டருக்கே கேட்டது. மிச்சக் கதிரை அவர் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதி, உமியை விலக்கினார் கார்மேகம். கையில் இருபத்திரண்டு மணி நின்றது. டாக்டர் அவற்றை மூடிப் பிடித்துக்கொண்டு நெஞ்சோடு வைத்தார். அழுதார். எண்பத்தேழு வயது மனிதர் அழுவது பார்க்கக் கஷ்டமான காரியம், கார்மேகமும் சேர்ந்துகொண்டார்.

"வெதச்சது வந்துருச்சுல்ல. பெரியவரு எதுக்கு அழுகுறாரு?" என்றாள் நாகஜோதி.

அப்போதுதான் கார்மேகம் சொன்னார், அந்தக் கோதுமை யாருடையது, மாவுப் பானைக்கு அடியில் எப்படி இருந்தது, பெற்ற தாய் தன்னிடமே ஒளித்துவிட்டாள் என்று பெரியவர் எப்படி இத்தனை வருஷமாகக் குமைகிறார் என்று. நாகஜோதி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"படிச்சவருக்கு இது தெரியலயா?" என்றாள். "மகன்கிட்ட இருந்து ஒளிக்கணும்னா அரச்சுத் தின்னுட்டுப் போயிருப்பாக. வருஷா வருஷம் முதுகொடிய வெதச்சு, வெதையா வச்சுட்டுப் போயிருக்காக. அவுக செத்தா அந்தப் பானைய யாரு வந்து தொறப்பா? மகன்தான? அவருக்குன்னுதான் வச்சிருக்காக."

அவள் என்ன சொன்னாள் என்று டாக்டர் கேட்டார். இவ்வளவையும் அந்த இல்லாத மொழியில் எப்படிச் சொல்வது என்று கார்மேகம் திணறினார். ஹிந்தியில் தேடினார், அரபியில் தேடினார். டாக்டரின் முன்னால் மண்டியிட்டு, மூடிய அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு, கிடைத்ததைச் சொன்னார்.

"அம்மா உங்களிடமிருந்து ஒளிக்கவில்லை, சாப். உங்களுக்காக ஒளித்திருக்கிறாள். பானையைத் திறக்கப்போவது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியும்."

வகுப்பில் ஒரு பையன் வாத்தியாருக்கே தெரியாத விடையைச் சொல்லிவிட்டதைப் போல, டாக்டர் ஹூஷங் மெல்லக் கேட்டார்.

"இன்னொரு முறை சொல்."

கார்மேகம் இன்னொரு முறை சொன்னார்.